நீர்சார் பெயின்ட்டில் சிலிக்கோன் சேர்மானங்கள்: தேர்வு, அளவு, சேர்க்கும் முறை

நீரை ஊடகமாகக் கொண்ட பெயின்ட்டில் தோன்றும் பல குறைகளைத் தேடிக்கொண்டு போனால், தண்ணீரின் ஒரு குணத்தில் போய் நிற்போம். 20 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு ஏறக்குறைய 72 மில்லிநியூட்டன். சைலீன் போன்ற கரிமக் கரைப்பான்களுக்கு அது 30ஐத் தாண்டுவதில்லை. ஒரு திரவம் ஒரு பரப்பின்மேல் தானாகப் பரவ வேண்டுமானால், அந்தத் திரவத்தின் இழுவிசை அந்தப் பரப்பின் ஆற்றலைவிடக் குறைவாக இருக்க வேண்டும். பாலிஎத்திலீனின் பரப்பாற்றல் 31ஐ ஒட்டியது. எண்ணெய்ப் பிசுக்குப் படிந்த உலோகத் தகடும் அதே நிலையில்தான் இருக்கும். எமல்ஷனில், அதாவது பலபடித் துகள்கள் நீரில் மிதக்கும் கலவையில், ஏற்கெனவே கலந்திருக்கும் பரப்புச் செயலிகள் பெயின்ட்டின் இழுவிசையை 40ஐ ஒட்டிக் கொண்டுவந்துவிடுகின்றன என்றாலும், இத்தகைய பரப்புகளுக்கு அது போதாது. மேலும், இழுவிசையைக் குறைக்கும் அதே பரப்புச் செயலிகள்தான் நுரையை நிலைக்கச் செய்கின்றன. பெயின்ட் காய்ந்த பிறகும் படலத்துக்குள் தங்கி மழைநீரை ஈர்க்கின்றன. பரவாமை, நுரை, நீர் உறிஞ்சல் என்ற இந்த மூன்று குறைகளுக்கும் சிலிக்கோன் சேர்மானங்களில் மருந்து உண்டு. ஆனால் மூன்றுக்கும் ஒரே மருந்து இல்லை. ஒன்றுக்கு உதவுவது மற்றொன்றைக் கெடுக்கவும் கூடும்.

தமிழில் அடிக்கடி குழம்பிப்போகும் இரண்டு பெயர்களை முதலில் பிரித்துக்கொள்வது நல்லது. சிலிக்கான் என்பது மணலிலும் கண்ணாடியிலும் உள்ள தனிமம். சிலிக்கோன் என்பது சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறி மாறிக் கோத்த சங்கிலியில் மெத்தில் போன்ற கரிமத் தொகுதிகள் தொங்கும் பலபடிச் சேர்மம். கீட்டோன்களை ஒத்த பொருள் என்று எண்ணி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெடெரிக் கிப்பிங் இப்பெயரைச் சூட்டினார். அமைப்பு வேறு என்று தெளிவான பிறகும் பெயர் நிலைத்துவிட்டது. இச்சங்கிலி எளிதில் வளைந்து திரும்பக்கூடியது என்பதால், மெத்தில் தொகுதிகள் காற்றுப் பக்கமாகத் திரும்பி நெருக்கமாக அமர்ந்துகொள்கின்றன. அதனால்தான் பாலிடைமெத்தில்சிலாக்சேன் எண்ணெயின் பரப்பு இழுவிசை 21 மில்லிநியூட்டனை ஒட்டி நிற்கிறது.

ஆனால் அந்த எண்ணெயை அப்படியே பெயின்ட்டில் ஊற்ற முடியாது. அது நீரில் கரையாது. சிறு துளிகளாக நின்று, படலத்தில் ஒவ்வொரு துளியைச் சுற்றியும் ஒரு குழியை உண்டாக்கும். ஆகவே சிலாக்சேன் எனப்படும் அந்தச் சிலிக்கான்-ஆக்சிஜன் சங்கிலியுடன் நீரை விரும்பும் பாலிஈதர் கிளைகளை இணைக்கிறார்கள். கிளையில் எத்திலீன் ஆக்சைடு மிகுந்தால் பொருள் நீருடன் இணங்கும். புரோப்பிலீன் ஆக்சைடு மிகுந்தாலோ சிலாக்சேன் சங்கிலி நீண்டாலோ இணக்கம் குறையும். பெயின்ட்டுடன் நன்கு இணங்கும் சிலிக்கோன் படலத்தைக் கெடுக்காது, ஆனால் நுரையை உடைக்காது. சிறிதும் இணங்காதது நுரையை உடைக்கும், ஆனால் குழியை விட்டுச்செல்லும். சேர்மானத்தைத் தேர்ந்தெடுக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் இந்த இணக்கத்தின் அளவைத்தான் நாம் முடிவு செய்கிறோம். விற்பனைத் தாளில் உள்ள பெயரைவிட இக்கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால் அத்தாள் அதிகம் சொல்லும்.

குறையை அடையாளம் காணுதல்

எந்தச் சேர்மானத்தையும் வாங்குவதற்கு முன், உங்கள் பெயின்ட்டின் குறை எது என்பதைச் சேர்மானம் எதுவும் இடாத மாதிரியைக் கொண்டே உறுதி செய்துகொள்ளுங்கள். பூசிய சில நொடிகளில் ஈரப்படலம் ஓரங்களிலிருந்து பின்வாங்கினால் அது நனைத்தலின் குறை. வட்டமான குழிகளின் நடுவில் ஒரு புள்ளி தெரிந்தால், எண்ணெய்த் துளியோ தூசியோ அந்த இடத்தில் இழுவிசையைக் குறைத்திருக்கிறது என்று பொருள். குறைந்த இழுவிசை உள்ள இடத்திலிருந்து மிகுந்த இழுவிசை உள்ள இடத்துக்குத் திரவம் ஓடும் என்பதால் பெயின்ட் அப்புள்ளியை விட்டு விலகுகிறது. குழியின் விளிம்பு கூர்மையாக, அடியில் ஊசித்துளை தெரிந்தால் அது உடைந்த நுரைக்குமிழியின் தடமாக இருக்க வாய்ப்பு அதிகம். இவ்விரண்டையும் வேறுபடுத்தாமல், குழி தெரிகிறது என்பதற்காக நுரைநீக்கியின் அளவைக் கூட்டுவது இத்தொழிலில் மிகவும் பரவலான தவறு. குழிக்குக் காரணமே நுரைநீக்கி மிகுந்ததாக இருந்தால், கூட்டக் கூட்டக் குழிகளும் பெருகும்.

நனைத்தலுக்கும் சமமாகப் படிவதற்கும்

நனைத்தல் குறைக்குச் சிறிய மூலக்கூறு வேண்டும். மூன்று சிலிக்கான் அணுக்களை மட்டும் கொண்ட டிரைசிலாக்சேன் வகைகள் நீரின் இழுவிசையை 20 முதல் 22 மில்லிநியூட்டன் வரை இறக்கக்கூடியவை. மெழுகு போன்ற பரப்பிலும் நீரை விரைந்து பரவச் செய்பவை. அவற்றின் பலவீனம் நீராற்பகுப்பு, அதாவது நீருடன் வினைபுரிந்து சிதைதல். நடுநிலையை ஒட்டிய, அதாவது பி.எச். 6 முதல் 8 வரையிலான நீரில்தான் அவை நிலைத்திருக்கும். எமல்ஷன் பெயின்ட்டுகள் பெரும்பாலும் 8 முதல் 9.5 வரையிலான காரநிலையில் வைக்கப்படுவதால், டப்பாவில் மாதக்கணக்கில் இருக்க வேண்டிய பெயின்ட்டில் இவற்றை நம்பக் கூடாது. பூசுவதற்குச் சற்று முன் கலக்கும் இரண்டு பகுதிப் பூச்சுகளுக்கு அவை நன்கு பொருந்தும். நெடுநாள் சேமிப்புக்கு, சற்றே நீண்ட சங்கிலியும் பாலிஈதர் கிளையும் கொண்ட வகையை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கிளை சிலிக்கானுடன் நேரடியாகக் கார்பன் வழியே இணைந்திருக்கிறதா என்றும் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். ஆக்சிஜன் வழியே இணைந்த வகைகள் நீரில் மெல்ல மெல்லப் பிரிந்துவிடும். மொத்தப் பெயின்ட்டின் எடையில் 0.1 முதல் 0.5 சதவீதம் வரை இவ்வேலைக்குப் போதுமானது.

சங்கிலி இன்னும் நீண்டால் நனைக்கும் திறன் குறையும், படலத்தின் மேற்பரப்பை ஆளும் திறன் கூடும். உலரும் படலத்தில் நீர் ஆங்காங்கே சமமின்றி ஆவியாகும்போது பரப்பு இழுவிசையும் இடத்துக்கு இடம் வேறுபட்டுச் சிறு சுழற்சிகள் உருவாகின்றன. ஆரஞ்சுத்தோல் போன்ற மேடுபள்ளங்களுக்கு இது ஒரு காரணம். மேற்பரப்பெங்கும் ஒரே சீராகச் சிலிக்கோன் பரவியிருந்தால் அவ்வேறுபாடு அடங்கும். காய்ந்த பின் அதே சிலிக்கோன் வழவழப்பைத் தந்து நகக்கீறலைத் தடுக்கிறது. இதற்கு 0.05 சதவீதத்திலிருந்தே விளைவு தெரியத் தொடங்கும், 0.5ஐத் தாண்ட வேண்டிய தேவை அரிது. மரச்சாமான்களுக்கும் தோலுக்கும் பூசும் பூச்சுகளில் மிகுந்த வழவழப்பு வேண்டுமென்றால், மிக உயர்ந்த மூலக்கூறு எடையுள்ள சிலிக்கோனின் நீர்க்கலவைகளை 1 முதல் 3 சதவீதம் வரை பயன்படுத்துகிறார்கள். தரைக்குப் பூசும் பெயின்ட்டில் வழவழப்பு சேர்மானங்களை இடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அங்கே அது விபத்தை வரவழைக்கும்.

நுரை

நுரையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் சிலிக்கோன் சேர்மானங்களுள் மிகுதியாகத் தவறாகப் பயன்படுத்தப்படுவது நுரைநீக்கிதான். குமிழியின் சுவர் என்பது இருபுறமும் பரப்புச் செயலிகள் வரிசையாக நின்று காக்கும் மெல்லிய நீரேடு. நுரைநீக்கியின் துளி அந்த ஏட்டுக்குள் நுழைந்து, அதன்மேல் பரவி, காவல் நிற்கும் மூலக்கூறுகளை விலக்கிச் சுவரைக் கிழிக்கிறது. துளிக்குள் நீரை விலக்கும் தன்மையூட்டிய சிலிக்கா துகள்கள் இருந்தால் அவை ஊசிபோலச் செயல்பட்டு நுழைவை எளிதாக்குகின்றன. துளி கரைந்துவிட்டால் இதில் எதுவும் நிகழாது. எனவே நுரைநீக்கி பெயின்ட்டில் கரையாமல் துளியாகவே இருக்க வேண்டும்; ஆனால் குழி விழாத அளவுக்குச் சிறிய துளியாக இருக்க வேண்டும்.

மேலே மிதக்கும் பெரிய குமிழிகளைவிடப் படலத்துக்குள் சிக்கிக்கொள்ளும் நுண்குமிழிகளே அதிகத் தொல்லை தருபவை. திரவத்தில் குமிழி மேலேறும் வேகம் அதன் ஆரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. பத்தில் ஒரு பங்கு ஆரமுள்ள குமிழி மேலே வர நூறு மடங்கு நேரம் எடுத்துக்கொள்ளும். அதற்குள் படலம் இறுகிவிடும். தடிப்பான பூச்சுகளிலும் தெளிப்பானால் பூசுபவற்றிலும் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும்.

நுரைநீக்கியை இரண்டு தவணையாகச் சேர்ப்பதே சிறந்த வழக்கம். நிறமியை அரைக்கும் கட்டத்தில், நிறமி இடுவதற்கு முன், இணக்கம் குறைந்த வலிமையான வகையில் பாதியைச் சேர்க்கலாம். அங்கே கலக்கியின் வேகம் மிகுதி என்பதால் துளிகள் நன்கு உடைந்து பரவும். நிறமியைப் பிணைத்துப் படலமாக்கும் பைண்டரைச் சேர்த்துக் கலவையை முடிக்கும் கட்டத்தில் வேகம் குறைவு. அங்கே எளிதில் பரவும், இணக்கம் மிகுந்த வகையை இட வேண்டும். வலிமையானதை அங்கே இட்டால் பெரிய துளிகள் உடையாமல் நின்று குழிகளாகும். இரண்டும் சேர்ந்து 0.1 முதல் 0.5 சதவீதம் வரை என்று தொடங்குங்கள். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: நுரைநீக்கியை முன்கூட்டியே நீரில் கரைத்து வைக்கக் கூடாது. நீர்த்த நிலையில் அது பிரிந்துபோகும் அல்லது செயலிழக்கும். நீரில் கலக்கவென்றே எமல்ஷனாகத் தயாரிக்கப்பட்ட வகை மட்டுமே இதற்கு விலக்கு.

நீர்விலக்கலும் ஒட்டுதலும்

வெளிச்சுவர்ப் பூச்சுகளில் சிலிக்கோன் ரெசின் எமல்ஷன் சேர்மானம் என்ற நிலையைத் தாண்டி, பைண்டரின் ஒரு பகுதியாகவே நிற்கிறது. நிறமியும் நிரப்பியும் மிகுந்து, படலத்தில் நுண்துளைகள் இருக்கும் பெயின்ட்டில்தான் அதன் பயன் முழுமையாக வெளிப்படும். அது துளைகளை அடைப்பதில்லை. துளைகளின் சுவர்களில் படிந்து நீரை விலக்குகிறது. அதனால் மழைநீர் உள்ளே இழுக்கப்படுவதில்லை, சுவருக்குள் இருக்கும் ஈரம் ஆவியாக வெளியேறவும் தடையில்லை. ஐரோப்பிய இ.என். 1062 தரத்தில் இவ்விரண்டுக்கும் தனித்தனி வகுப்புகள் உள்ளன: நீராவியை மிக நன்றாகக் கடத்தும் வகுப்பில், படலம் நீராவிக்குத் தரும் தடைக்குச் சமமான காற்றடுக்கின் தடிமன் 0.14 மீட்டருக்குக் குறைவாக இருக்க வேண்டும். நீர் உறிஞ்சல் மிகக் குறைந்த வகுப்பில், சதுர மீட்டருக்கு, ஒரு மணிநேரத்தின் வர்க்கமூல அளவில், 0.1 கிலோவுக்கு மேல் உறிஞ்சக் கூடாது. நல்ல சிலிக்கோன் ரெசின் பெயின்ட் இரண்டையும் ஒருசேர எட்டும். பைண்டர் மிகுந்து துளைகளே இல்லாத பளபளப்பான படலத்தில் இதே ரெசினைச் சேர்ப்பதால் பெரிய லாபம் இல்லை.

நீர் முத்துமுத்தாக உருண்டோடுவதைப் பார்த்து மட்டும் முடிவெடுக்க வேண்டாம். மேற்பரப்பில் துளி உருள்வதும் படலம் நீரை உறிஞ்சாமல் இருப்பதும் வேறுவேறு. பூசிய புதிதில், படலத்தில் எஞ்சியிருக்கும் பரப்புச் செயலிகள் கழுவப்படும்வரை துளி உருளாமலும் இருக்கலாம். தொடக்கத்திலிருந்தே அவ்விளைவு வேண்டுமென்றால் அமினோ தொகுதியுடைய சிலிக்கோன் எமல்ஷனைச் சிறிதளவு கூடுதலாகச் சேர்ப்பது வழக்கம்.

கண்ணாடி, அலுமினியம், பீங்கான் போன்ற பரப்புகளில் ஈரத்திலும் பூச்சு உரியாமல் இருக்க வேண்டுமானால் சிலேன் வகைகள் உதவும். இவை சிலிக்கோன்கள் அல்ல. அதே குடும்பத்தின் சிறு மூலக்கூறுகள். அக்ரிலிக் எமல்ஷனுக்கு எபாக்சி தொகுதியுடைய சிலேன் பெரும்பாலும் பொருந்தும்: ஒரு முனை நீராற்பகுப்படைந்து பரப்பின் ஹைட்ராக்சில் தொகுதிகளுடன் பிணையும், மறுமுனை பைண்டரின் கார்பாக்சில் தொகுதிகளுடன் சேரும். பைண்டரின் திண்ம எடையில் 0.5 முதல் 2 சதவீதம், மெல்லிய தாரையாக, கலக்கிக்கொண்டே இட வேண்டும். அமினோ சிலேனை, துகள்கள் எதிர்மின்னூட்டம் கொண்ட எமல்ஷனில் நேரடியாக ஊற்றினால் எமல்ஷன் திரிந்துபோகக்கூடும். மீத்தாக்சி வகையைவிட ஈத்தாக்சி வகை மெதுவாக வினைபுரிவதால் டப்பாவில் கூடுதல் நாள் தாங்கும். மீத்தாக்சி வகை மெத்தனாலை வெளியிடும் என்பதால் காற்றோட்டமும் அவசியம்.

அளந்து சேர்த்தல்

இரு நூறு கிராம் பெயின்ட்டில் 0.1 சதவீதம் என்பது வெறும் 0.2 கிராம். சொட்டுகளை எண்ணி இதை அளந்தால் முடிவுகளை நம்ப முடியாது. நனைப்பான், வழவழப்பு சேர்மானம் ஆகியவற்றை புரோப்பிலீன் கிளைக்கால் போன்ற, உங்கள் பெயின்ட்டில் ஏற்கெனவே உள்ள ஒரு துணைக்கரைப்பானில் 10 சதவீதக் கலவையாக ஆக்கிக்கொண்டால், அதே 0.2 கிராமுக்குப் பதில் 2 கிராம் எடைபோடலாம். பிழை பெரிதும் குறையும். ஒப்பீட்டு மாதிரியிலும் அதே அளவு துணைக்கரைப்பானைச் சேர்க்க மறக்காதீர்கள். இல்லையெனில் கரைப்பானின் விளைவைச் சிலிக்கோனின் விளைவென்று நினைத்துவிடுவீர்கள். சேர்மானம் நூறு சதவீதச் செயல்பொருளா, பாதி நீர் கலந்ததா என்பதையும் பார்த்துக் கணக்கிட வேண்டும். இரண்டு பொருள்களை வெறும் எடையில் ஒப்பிட்டு ஒன்றை வலுவற்றதென்று தள்ளிவிடுவது அடிக்கடி நடக்கிறது.

சேர்மானமே இல்லாத ஒன்று, பிறகு 0.05, 0.1, 0.2, 0.4 சதவீதம் என்று இரட்டித்துச் செல்லும் நான்கு மாதிரிகள் ஆகியவற்றை ஒரே தொகுதிப் பெயின்ட்டிலிருந்து தயாரியுங்கள். ஒரு வேளையில் ஒரு சேர்மானத்தை மட்டுமே மாற்றுங்கள். மேற்பரப்புச் சேர்மானங்களைக் கடைசியில், காற்றை இழுக்காத மெதுவான வேகத்தில், 10 முதல் 15 நிமிடம் கலக்கவும். பிறகு மூடி 24 மணிநேரம் வைக்கவும். சேர்த்தவுடன் பூசிப் பார்ப்பது ஏமாற்றிவிடும்: அப்போது குழி காட்டும் நுரைநீக்கி மறுநாள் அடங்கியிருக்கலாம், அப்போது நன்றாகப் பரவிய பெயின்ட் மறுநாள் பின்வாங்கவும் செய்யலாம்.

சோதித்தல்

நுரைக்கு எளிய, நம்பகமான சோதனை அடர்த்திதான். ஒரே அளவு மாதிரிகளை ஒரே கலக்கியில் ஒரே வேகத்தில் இரண்டு நிமிடம் சுழற்றி, உடனே கொள்ளளவு தெரிந்த கிண்ணத்தில் நிரப்பி எடை பாருங்கள். காற்றில்லாத பெயின்ட்டின் அடர்த்தி 1.30, சுழற்றிய பின் 1.17 என்றால், பத்தில் ஒரு பங்கு காற்று உள்ளே சிக்கியிருக்கிறது. நுரைநீக்கிகளை இவ்வெண்ணைக் கொண்டு வரிசைப்படுத்தலாம். இதனுடன், பஞ்சு உருளையால் உறிஞ்சாத அட்டையொன்றில் பூசிக் குமிழி உடையும் நேரத்தைப் பாருங்கள்; கண்ணாடித் தகட்டில் பூசி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நுண்குமிழியும் குழியும் தெளிவாகத் தெரியும்.

நனைத்தலைச் சோதிக்க, உண்மையில் பூசப்போகும் பரப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். இழுவிசைமானி இருந்தால் எண்ணும் கிடைக்கும், ஆனால் குறைந்த எண் நல்ல நனைத்தலுக்கு உத்தரவாதமாகாது. வழவழப்புக்கு, காய்ந்த தகட்டின்மேல் ஓர் எடையை வைத்து மெல்லச் சாய்த்து, அது நழுவத் தொடங்கும் கோணத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அக்கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்பே நிலை உராய்வுக் குணகம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது மறுபூச்சுச் சோதனை. மேற்பரப்புக்கு வந்து நிற்கும் சிலிக்கோன் அடுத்த பூச்சையும் விலக்கக்கூடும். முதல் பூச்சு காய்ந்து 24 மணிநேரத்திலும் ஏழு நாளிலும் இரண்டாம் பூச்சைப் பூசி, ஐ.எஸ்.ஓ. 2409 தரத்தில் சொல்லப்பட்டுள்ளபடி கட்டம்கட்டமாகக் கீறி, ஒட்டுநாடாவால் இழுத்துப் பாருங்கள். இதில் தோற்கும் அளவு எத்தனை அழகான பரப்பைத் தந்தாலும் அதை விட்டுவிட்டு, ஒரு படி கீழே வாருங்கள். நல்ல விளைவு தரும் மிகக் குறைந்த அளவைத் தேடுவதுதான் இந்த வரிசையின் நோக்கம்.

சிலிக்கோனைக் கையாளும் இடத்தில் தூய்மை மிகக் கண்டிப்பாக இருக்க வேண்டும். நுரைநீக்கி தோய்ந்த கலக்கியை நீரில் மட்டும் அலசி அடுத்த வார்னிஷில் இறக்கிய ஒருநாள், நான் தகடு முழுவதும் குழிகளைக் கண்டு, பைண்டரையே சந்தேகித்து இரண்டு நாளை வீணாக்கினேன். அன்றிலிருந்து நுரைநீக்கிக்கென்று தனிக் குச்சியும் தனிக் குப்பியும் வைத்திருக்கிறேன். அச்சுகளில் தெளிக்கும் சிலிக்கோன் தெளிப்பைப் பூச்சறையின் அருகில்கூடப் பயன்படுத்தக் கூடாது.

வாங்கும்போது டி4, டி5, டி6 எனப்படும் வளையச் சிலாக்சேன்களின் எஞ்சிய அளவைக் கேட்டுப் பெறுங்கள். இவை சூழலில் எளிதில் சிதையாமல் தேங்குபவை என்பதால், 2018 ஜூனில் ஐரோப்பிய ஒன்றியம் இவற்றை மிகுந்த கவலைக்குரிய பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. அளவு குறைக்கப்பட்ட வகைகள் கிடைக்கும்போது அவற்றையே தேர்ந்தெடுப்பது சரியானது.

தேர்ந்தெடுத்த மாதிரியை 50 டிகிரி செல்சியஸில் இரண்டு வாரம் மூடி வைத்து, பிறகு அதே அடர்த்தி, நனைத்தல், மறுபூச்சுச் சோதனைகளை மீண்டும் செய்யுங்கள். நுரை மட்டும் திரும்பியிருந்தால், நுரைநீக்கியின் துளிகள் காலப்போக்கில் பெயின்ட்டுக்குள் மெல்ல இணங்கிப்போயிருக்கின்றன. அளவைக் கூட்டாமல், இணக்கத்தில் ஒரு படி குறைந்த வகையை அரைக்கும் கட்டத்தில் இட்டுப் பாருங்கள். நனைத்தல் மட்டும் போயிருந்தால், பி.எச். மதிப்பை அளந்து, நீராற்பகுப்பைத் தாங்கும் வகைக்கு மாறுங்கள்.